ஊறாத கல்

கிழக்கு வெளுப்பதற்குள் நாற்பது வாளி தண்ணீர் அள்ளிவிட வேண்டும். கப்பிக் கயிறு உள்ளங்கையை அறுக்கும். சோளகக் காற்று வாளியை ஆட்டிப் பாதித் தண்ணீரை என் சேலையிலேயே ஊற்றிவிடும். மடத்துவெளிக் கிணற்றில் இருப்பதைத் தண்ணீர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வாயில் வைத்தால் கரிக்கும். கையில் காய்ந்தால் வெள்ளை பூக்கும். அதைச் சுமந்துபோய் முற்றத்துச் சீமெந்துத் தொட்டியை நிரப்பி, அன்று சுவரில் ஏறப்போகும் ரைல்ஸ் ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி ஊறவிடுவது என் வேலை. ஒரு தகடு இரண்டடி அகலம், நாலடி நீளம். இறக்கி முடிக்கும்போது இடுப்பு கழன்றுவிடும். முப்பத்தொன்பது வயதில் கிழவி நடை நடக்கிறேன் என்று கூட வேலை செய்யும் பிரதாபன் பகிடி பண்ணுவான். பண்ணட்டும். ஒரு நாளைக்கு அவன் இறக்கிப் பார்க்கட்டும்.

சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து இரண்டாவது வருடம் அது. வெளிநாட்டில் இருந்தவர்கள் விடுமுறைக்கு வந்து, இடிந்த வீடு வளவுகளைப் பார்த்து அழுது, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் பெரியது சுவிஸ்காரர் தம்பிஐயாவின் வீடு. அதன் மண்டபம் இரண்டு மாடி உயரம். மண்டபத்தின் மேற்குச் சுவர் அடியிலிருந்து உச்சிவரை கல்லாகத் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. ஏதோ புத்தகத்தில் வந்த படத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். கல்லாகத் தெரிய வேண்டும், ஆனால் கல்லாக இருக்கக்கூடாது. கல்லில் தூசு படியுமாம், பாசி பிடிக்குமாம். அதனால் இத்தாலியில் சுட்ட தகடுகள் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, லொறியேறி எங்கள் தீவுக்கு வந்தன. கடலில் விளையும் முருகைக்கல்லில் இருக்கும் துவாரங்களும் வரிகளும் அவற்றில் இருந்தன. ஒரு தகட்டில் சிப்பியின் அச்சுக்கூட இருந்தது. விரலால் தடவினால் ஒரு துவாரமும் தட்டுப்படாது. எல்லாம் படம்.

உண்மையான முருகைக்கல் மதில் ஒன்று அந்த வளவைச் சுற்றி நின்றது. என் புருசன் அரியநாயகம் கட்டிய மதில். அதை இடித்து அத்திவாரத்துக்குள் கொட்டித்தான் இந்த மாளிகை எழும்பியது. இடித்த அன்று கல் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி. கூலிக்குப் போகிறவள் எந்தக் கல்லை யார் வைத்தது என்று பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?

தொண்ணூற்றொன்றில் ஆமி வருகிறது என்று ஊரே எழும்பி ஓடியபோது அவர் என்னோடு வள்ளத்தில் கால் வைத்தவர். மேசன் சாமான் பையை விட்டுவிட்டேன், பத்து நிமிடம் என்று திரும்பிப் போனார். வள்ளம் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகியும் அந்தப் பத்து நிமிடம் முடியவில்லை.

நாங்கள் நாலு பேர் அந்தச் சுவரில் வேலை செய்தோம். பெரிய மேசன் இராயப்பு அண்ணை ஊர்காவற்றுறைக்காரர். லியோனும் அந்த ஊர்தான். கடற்படை கடலில் எல்லை போட்ட பிறகு வலையை மடித்து வைத்துவிட்டுக் மேசன் கரண்டி பிடித்தவன். தகடு வெட்டுவது பிரதாபன். தண்ணீரும் கலவையும் நான். எங்களுக்கு மேலே, வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்விக்கும் கொந்தராத்துக்காரர் வல்லிபுரம். அவருக்கு மேலே தம்பிஐயா.

ரைல்ஸை ஊறவிட்டுத்தான் பதிக்க வேண்டும் என்பது எங்கள் கையோடு வந்த பழக்கம். காய்ந்த ரைல்ஸ் சீமெந்தின் ஈரத்தைக் குடித்துவிடும், பிடிக்காது. தீவுப்பகுதியில் எந்த மேசனிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஆகவே இந்தத் தகடுகளையும் ஊறவிட்டோம். யாரும் யாரையும் கேட்கவில்லை. மற்ற ரைல்ஸ் தொட்டிக்குள் இறங்கும்போது புசுபுசுவென்று குமிழி விடும். இவை ஒரு குமிழிகூட விடவில்லை. தண்ணீரே வேண்டாம் என்பதுபோலக் கிடந்தன. நான் அதைக் கண்டேன். கண்டும் சும்மா இருந்தேன்.

சுவர் முடிந்து மூன்றாம் நாள் விடியற்காலையில் முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

தரை வேலைக்காகத் தண்ணீர் கொண்டுபோய் மண்டபத்துக்குள் வைத்தேன். ஆளில்லை. காற்று ஒரு நொடி அடங்கியது. மேற்குச் சுவரில் இருந்து, டொக். கொஞ்சம் பொறுத்து, டொக், டொக். கரண்டிப் பிடியால் தட்டுகிற சத்தம். அரியநாயகம் ஒரு வேலையை முடித்தால் அப்படித்தான் கரண்டியைத் திருப்பிப் பிடித்து ஒரு தட்டு, இடைவெளி, இரண்டு தட்டு தட்டுவார். வாளியை வைத்துவிட்டு, "வந்திட்டியளோ?" என்று கேட்டேன். பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள். நினையுங்கள். அடிக்குக் கீழே அவர் அடுக்கிய கற்கள் கிடக்கின்றன. அவர் வேறெங்கே வருவார்?

யாருக்கும் சொல்லவில்லை. அது என்னுடையது. நாலு நாள் நாற்பது வாளியை முப்பத்தைந்தாகக் குறைத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். மற்றவர்களுக்கு அது கேட்காது என்றே நினைத்தேன்; அவர்கள் வருவதற்குள் அடங்கிவிடும், அல்லது வல்லிபுரத்தின் ரேடியோ அதை விழுங்கிவிடும். அவர்தான் ரேடியோவைக் கொண்டுவந்து தந்தவர். நிற்பாட்டாமல் போடுங்கள், அலுப்புத் தெரியாது என்றார். பதித்த தகட்டை இராயப்பு அண்ணை தட்டிப் பார்க்கப் போனபோதும், "தட்டாதையுங்கோ, கீறல் விழும்," என்று தடுத்தவர் அவர்தான். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மேல் வரிசைத் தகடு ஒன்று சுவரை விட்டு வழுக்கி இறங்கியது. கீழே குந்தியிருந்து தரையின் இடைவெளிகளுக்குச் சாந்து நிரப்பிக்கொண்டிருந்தான் லியோன். தகட்டின் விளிம்பு அவன் கணுக்காலுக்கு மேலே இறங்கியது. அவன் கத்தவில்லை. எங்களைப் பார்த்து, "என்ரை கால் எங்கை?" என்று கேட்டான். வெள்ளைத் தரையில் பரவிய இரத்தத்தைப் பார்த்து, "கெதியாத் துடையுங்கோ, கறை பிடிச்சிடும்," என்று சொன்னவர் வல்லிபுரம். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வான் வண்டி ஒன்றைப் பிடித்து ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். கால் தப்புமா என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் விடிய அடுப்பு மூட்டக் குசினிக்குள் போனேன். என் குசினி யன்னலுக்குக் கதவில்லை; ஒரு மஞ்சள் பையை விரித்து ஆணி அடித்திருந்தேன். லொறியில் ரைல்ஸோடு வந்த பை அது. அப்படி நாற்பது பை வந்தன. ஏதோ பசைச் சீமெந்து என்றார்கள். இரண்டாம் நாளே வல்லிபுரம் லான்ட்மாஸ்டர் வண்டியைக் கொண்டுவந்து அவ்வளவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குச் சாதாரணச் சீமெந்துதான் இறங்கியது. கிழிந்து கொட்டிய ஒரு பையின் வெறும் உறையை நான் எடுத்து வந்தேன். மூன்று கிழமையாக அது என் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. வெளிச்சம் பின்னாலிருந்து விழ, அன்றுதான் அதிலிருந்த படத்தைப் பார்த்தேன். தண்ணீர்ச் சட்டிக்குள் ஒரு ரைல்ஸ். அதன்மேல், கூடாது என்று, பெரிய சிவப்புப் புள்ளடி. பக்கத்தில் பல்லு வைத்த கரண்டியால் அந்தப் பசையைப் பூசுகிற ஒரு கை.

எழுத்துத் தெரியாத பாஷை. படத்துக்குப் பாஷை வேண்டுமா? அடுப்பு மூட்டாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். சுவர் ஏன் தட்டியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பிடிக்காத தகடுகள் பகல் வெயிலில் விரிந்து, விடியற் குளிரில் சுருங்கி, ஒன்றொன்றாகச் சுவரை விட்டுக்கொண்டிருந்த சத்தம். அதைத்தான் நான் புருசன் என்று வைத்திருந்தேன்.

வேலைக்குப் போனபோது முற்றத்து மணற்குவியலில் இராயப்பு அண்ணையும் பிரதாபனும் இருந்தார்கள். லியோனின் மனைவி யூலியானாவும் நின்றாள். முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறாள். வல்லிபுரம் கூப்பிட்டு அனுப்பினாராம். அவர் கையில் ஒரு கடதாசி இருந்தது.

"பெரிசா ஒண்டுமில்லை," என்றார். "மனோகரி ஆரையும் கேக்காமல் ரைல்ஸைத் தண்ணியிலை ஊறவிட்டதாலைதான் கழண்டது எண்டு எழுதியிருக்கிறன். எல்லாரும் ஒரு கையெழுத்து வையுங்கோ. மனோகரி இண்டையோடை வேலையாலை நிக்கட்டும். மற்ற ஆக்களுக்கு வேலை இருக்கு. தங்கச்சி யூலியானா, நீரும் வையும். ஐயா பாத்து ஏதும் செய்வார்."

இராயப்பு அண்ணை மணலைப் பார்த்தார். பிரதாபன் தன் செருப்பைப் பார்த்தான். அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு இருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்தத் தீவில் எனக்கு இருப்பது இந்த இரண்டு கையும், நல்ல வேலைக்காரி என்ற பேரும்தான். இந்தக் கடதாசி இரண்டையும் எடுத்துவிடும். ஆனாலும் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"ஓம், நான்தான் ஊறவிட்டனான்," என்றேன். "குமிழி வரேல்லை எண்டதையும் கண்டனான். இன்னொண்டும் இருக்கு. சுவர் தட்டினது. நாலு நாளா விடிய விடியக் கேட்டனான். என்ரை மனிசன் வந்திருக்கிறார் எண்டு நினைச்சு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் லியோன் அங்கை இருந்திருக்கமாட்டான்."

யூலியானா என் முகத்துக்கு நேரே வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன்.

"கேட்டனீங்களோ? நீங்களும் கேட்டனீங்களோ, அக்கா?"

எனக்கு விளங்கவில்லை.

"அவரும் கேட்டவர்," என்றாள். "செவ்வாய்க்கிழமை வீட்டை வந்து சொன்னவர். இடம்பெயர்ந்து கிடக்கேக்கை காய்ச்சலிலை செத்துதே எங்கடை மூத்தது, அது பாயிலை கிடந்து இப்பிடித்தான் விரலாலை பலகையைத் தட்டுமாம். பிள்ளை கூப்பிடுது யூலி எண்டவர். அந்தச் சுவருக்குக் கீழை இருக்கிற வேலையை அவரே கேட்டு வாங்கினவர்."

காற்று மணலைத் தூக்கி எங்கள் முகத்தில் வீசியது. யாரும் கண்ணைக் கசக்கவில்லை.

இராயப்பு அண்ணை மெல்லச் சொன்னார். "எங்கடை அப்பு கடலுக்குப் போகேக்கை கதவிலை ரெண்டு தட்டுத் தட்டுவார், எழும்புங்கோ எண்டு. ஒரு நாள் போனவர், திரும்பி வரேல்லை. நான் ஒவ்வொரு நாளும் அந்தச் சுவரடியிலை ஒரு செபம் சொல்லிப்போட்டுத்தான் வேலை தொடங்கினனான். மேசன் நான். பிடிக்காத தகட்டின்ரை பொள்ளல் சத்தம் எனக்குத் தெரியாதே? தெரியும். ஆனாலும் அப்பு எண்டுதான் நினைச்சன்."

"எனக்குப் பயம்," என்றான் பிரதாபன். எப்போதும் பகிடி விடுகிறவன் அவன். "அண்ணாவை விசாரிக்க எண்டு கூட்டிக்கொண்டு போன அண்டைக்குப் படலையிலை தட்டின தட்டு அது. திருப்பி வந்திட்டாங்கள் எண்டு நினைச்சன். ஆரிட்டைச் சொல்லுறது?"

நாலு பேர். ஒரு சுவர். நாலு பேரும் கேட்டிருக்கிறோம். நாலு பேரும் மறைத்திருக்கிறோம். வேறு ஊரில் சுவர் தட்டினால் சுவர் கழலுகிறது என்று சத்தம் போடுவார்கள். எங்கள் ஊரில் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் அவ்வளவு பேர். ஒரு சுவர் கழலும் சத்தத்தைக்கூட ஆளாளுக்குப் பங்கிட்டுக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டோம். வல்லிபுரத்துக்கு மட்டும் அது சுவராகவே கேட்டிருக்கிறது. ரேடியோ வந்த காரணம் இப்போது எல்லோருக்கும் விளங்கியது.

நான் மஞ்சள் பையை விரித்துக் காட்டினேன். இராயப்பு அண்ணை படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து வல்லிபுரத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கடதாசியை வாங்கி நாலாக மடித்து, திரும்ப அவர் கையிலேயே கொடுத்தார்.

அந்த நேரம் தம்பிஐயாவின் வான் வந்து நின்றது. வெள்ளைக் களிசான், கறுப்புக் கண்ணாடி. நல்ல நாளிலேயே சிரிக்காத மனிதர்.

"என்ன இருந்து கொண்டிருக்கிறியள்? ஆவணி பதினெட்டுப் புது வீடு குடிபூரல். பாரிஸிலை இருந்து, லண்டனிலை இருந்து ஆக்கள் வருகினம். விழுந்த இடத்துக்கு இண்டைக்கே ஒண்டை ஒட்டுங்கோ."

"ஒண்டில்லை, ஐயா," என்றார் இராயப்பு அண்ணை. "முழுச் சுவரும் கழருது. எல்லாத்தையும் மேலையிருந்து பக்குவமா இறக்கவேணும். இந்தப் பசையிலை திருப்பி ஒட்டவேணும்."

தம்பிஐயா பையைப் பார்த்தார். "நான் நாப்பது பை அனுப்பினனே. வல்லிபுரம்?"

"உப்புக் காத்திலை கட்டிபட்டுப் போச்சு ஐயா. அதுதான்..."

"லான்ட்மாஸ்டரிலை போனது கட்டிபட்ட பையோ, அண்ணை?" என்றான் பிரதாபன். "நான்தானே ஏத்தினனான். மா மாதிரி இருந்தது."

தம்பிஐயா கண்ணாடியைக் கழற்றினார். இப்போது வல்லிபுரத்தின் தோலை உரிப்பார் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை.

"சரி, அதை நானும் அவரும் பிறகு பாப்பம். அது எங்கடை விஷயம். ஊறவிட்டது உங்கடை பிழைதானே? கொஞ்ச ஆணி அடிச்சு, பட்டி வைச்சு இறுக்குங்கோ. குடிபூரல் முடியட்டும்."

"எங்கடை பிழையும் இருக்கு," என்றேன். "அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. லியோனின்ரை கால் ஆற்றை விஷயம், ஐயா?"

"உமக்கு இஞ்சை ஆர் கதைக்கச் சொன்னது?"

"என்ரை மனிசன்ரை கால்," என்றாள் யூலியானா. "நான் சொல்லுறன். அவ கதைக்கட்டும்."

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய தோள் என் தோளில் முட்டியது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னேன். லியோனின் வைத்தியத்தை அவன் எழும்பி நடக்கும்வரை வீட்டுக்காரர் பொறுப்பெடுக்க வேண்டும். அவனுக்கு ஏலக்கூடிய வேலை தர வேண்டும். பசை வர வேண்டும். எது நடந்தது என்பதை நடந்தபடியே எழுத வேண்டும், என் பிழை, வல்லிபுரத்தின் பிழை, இரண்டையும். அதுவரைக்கும் அந்தச் சுவருக்குக் கீழே ஒருவரும் போகமாட்டோம்.

"யாழ்ப்பாணம் ரவுணிலை இருந்து வேற ஆக்களை இறக்குவன்," என்றார் தம்பிஐயா.

"இறக்குங்கோ," என்றார் இராயப்பு அண்ணை. "முதலிலை நீங்கள் ஒருக்கா உள்ளை போய் அந்தச் சுவரடியிலை நில்லுங்கோ. ரெண்டு நிமிஷம். நில்லுங்கோ பாப்பம்."

தம்பிஐயா வாசல்வரை போனார். வல்லிபுரம் போட்டுவைத்திருந்த ரேடியோவைப் பிரதாபன் நிறுத்தினான். டொக். பிறகு, டொக், டொக். அவருடைய கை கதவு நிலையைப் பிடித்தது. முகத்தில் இருந்த வெளிநாடு ஒரு கணம் கழன்று விழுந்தது. அவருக்கும் யாரோ இருந்திருக்க வேண்டும். அந்தக் கிராமத்தில் தட்டுவதற்கு ஆளில்லாதவர் யார்? ஆனால் அவர் திரும்பி வந்து வானில் ஏறி, "வல்லிபுரம், ஆக்களைக் கொண்டாரும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை விடிய நாங்கள் வழக்கமான நேரத்துக்கே போனோம். கப்பி சும்மா கிடந்தது. தொட்டித் தண்ணீர் வற்றி விளிம்பில் உப்பு வெள்ளையாகத் தெரிந்தது. மணற்குவியலில் நாலு பேரும் இருந்தோம்; லியோனின் இடத்தில் யூலியானா. அவள் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணீர் கொண்டு வந்திருந்தாள். லியோனுக்கு விரல் அசைகிறது என்றாள். பெருவிரல் மட்டும். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

உள்ளே சுவர் தட்டியது. நான் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு தட்டு, இடைவெளி, இரண்டு தட்டு. எவ்வளவு கேட்டும் அரியநாயகம் வரவில்லை. சீமெந்தும் தகடும் பிரிகிற சத்தம்தான் வந்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, அன்று காலைதான் நான் அவரை இரண்டாம் தடவை கரையில் விட்டுவிட்டு வந்தேன். யூலியானா தேத்தண்ணீர்க் கோப்பையை என் கையில் திணித்தாள்.

ஏழு மணியளவில் வல்லிபுரத்தின் மோட்டார் சைக்கிள் முன்னே வர, பின்னால் ஒரு வான் வந்தது. நாலு மேசன்மார் இறங்கினார்கள். நாலு பேருக்கும் தோளில் சாமான் பை. பசித்த முகங்கள், எங்கள் முகங்களைப் போலவே இருந்தன. மூத்தவர் எங்களைக் கண்டு தயங்கினார்.

"பாத்துக்கொண்டு நிக்காமல் உள்ளை போங்கோ," என்றார் வல்லிபுரம். "உதுகள் வேலை தெரியாத கூட்டம்."

மூத்த மேசன் வாசலுக்குள் ஒரு காலை வைத்தார். சுவர் தட்டியது.

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். தலை மெல்லச் சரிந்தது. கண் எங்கோ போனது. உதடு ஒரு பெயரைச் சொல்லத் தொடங்கியது. அந்த முகம் எனக்குத் தெரியும். நாலு நாள் அந்த முகத்தோடுதான் நான் அங்கே நின்றேன். கோப்பையை மணலில் வைத்துவிட்டு எழும்பி ஓடினேன்.

"அண்ணை," என்றேன். "அது ஒருத்தருமில்லை. அது சுவர், அண்ணை. சுவர்தான் கழருது. வெளியிலை வாங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டியபடியே நின்றேன்.

உச்சி வரிசையில் ஒரு தகடு வழுக்கி வந்து, அவர் நிற்கவிருந்த இடத்தில் விழுந்து நொறுங்கியது. வல்லிபுரம் ஏதோ கத்தினார். மூத்த மேசன் அவரைத் திரும்பியும் பார்க்காமல் படி இறங்கி வந்தார். தோளில் இருந்த சாமான் பையைக் கழற்றி, எங்கள் மணற்குவியலில், இராயப்பு அண்ணையின் பைக்குப் பக்கத்தில் வைத்தார். மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களுடைய பைகளும் ஒவ்வொன்றாக இறங்கின.

நாங்கள் நகர்ந்து, அவர்களும் இருக்க இடம் விட்டோம்.